சனிக்கிழமை மாத்திரை

“ஏட்டி ஜெபா, அம்புட்டுத் தூரம் வடக்க போயி அப்படி என்னதான் படிக்கிற? ஒங்க அப்பாட்ட கேட்டா ஆராய்ச்சிங்கிறாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல.”

கேட்டது அங்காளம்மாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வருகிற பஸ்ஸில் அவளும் ஜெபசீலியும் ஒரே இருக்கையில் உட்கார்ந்திருந்தார்கள். தொண்ணூற்றேழாம் வருஷம், கிறிஸ்துமஸ் நெருக்கம். ஒரே வளவில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். ஜெபசீலி, வாத்தியார் நேசையனின் மகள், லீவுக்கு வந்திருந்தாள். கேட்டால் பதில் சொல்வாள். கேட்காவிட்டால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே ஊர் வந்து சேருகிற பெண்.

“மருந்து பத்தி, அக்கா.”

“மருந்துக்கடை வைக்கப் போறியா?”

“இல்லக்கா. மருந்த உடம்புக்குள்ள எப்படி அனுப்புறதுன்னு.”

“வாய் வழியா அனுப்பணும், இல்லாட்டி ஊசி வழியா அனுப்பணும். இதக் கண்டுபிடிக்கவா ரெண்டு ராத்திரி ரயில்ல போற?”

ஜெபசீலி சிரித்துவிட்டு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அங்காளம்மாள் விடவில்லை. அன்றைக்கு அவளால் சும்மா உட்கார முடியவில்லை. யாராவது பேசிக்கொண்டே வந்தால் தேவலை என்றிருந்தது.

“என்ன மருந்து? காய்ச்சலுக்கா?”

“டி.பி.க்கு.”

அங்காளம்மாளின் மடியில் ஒரு தூக்குவாளி இருந்தது. அதற்குள் சோறு இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் அன்று காலை வாங்கிய டி.பி. மாத்திரைகள் இருந்தன. வாளியின் மூடியை அவள் உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டாள்.

“டி.பி.க்குத்தான் மருந்து இருக்கே,” என்றாள், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

“இருக்கு. ஆனா மாசக்கணக்குல தினமும் திங்கணும். கொஞ்சம் நல்லாயிட்டா பாதியில விட்டுருதாங்க. விட்டா, பொறவு அந்த மருந்துக்குக் கிருமி மசியாது.” தன் வேலையைப் பற்றி என்பதால் ஜெபசீலிக்குப் பேச்சு கொஞ்சம் நீண்டது. “அதனால நாங்க கண்ணுக்கே தெரியாத துகள் செய்றோம். ஆபரேஷன் பண்ணா, உடம்புக்குள்ளேயே கரைஞ்சு போற நூல் வச்சுத் தைப்பாங்கள்ல, அந்தப் பொருள்லயே. அந்தத் துகளுக்குள்ள மருந்த அடைச்சு, வாய் வழியாக் குடுக்கிறது. வயித்துப் புளிப்புல மருந்து அழியாது. குடல் வழியா உள்ள போயி, துகள் கரையக் கரைய மருந்து கொஞ்சம் கொஞ்சமா வெளிய வரும்.”

“ஒரு தடவ தின்னா எம்புட்டு நாளைக்கு இருக்கும்?”

“நாலஞ்சு நாள் ரத்தத்துல இருக்கு. ஒரு வாரம் வரைக்கும் கொண்டு போயிரலாம்னு பாக்கோம்.”

“வாரத்துக்கு ஒரு மாத்திரையா?”

“அப்படி வந்தா நல்லதுதானக்கா.”

“ஆருக்குக் குடுத்துப் பாத்திய?”

“எலிக்கு.”

“எலிக்கு டி.பி.யா!” அங்காளம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “எலி வாயில மருந்த எப்படிட்டி போடுவ?”

“சின்ன டியூப் வச்சு.”

“கடிக்காது?”

“கடிக்கும்,” என்று ஜெபசீலி கட்டைவிரலைக் காட்டினாள். இரண்டு சின்னத் தழும்புகள் இருந்தன. அதற்குள் பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டது.

அங்காளம்மாள் எலிக்குச் சிரித்தாள். சிரித்த கையோடு எலியை விட்டுவிட்டாள். வாரத்துக்கு ஒரு தடவை என்ற பேச்சு மட்டும் அவளோடு பஸ்ஸை விட்டு இறங்கி வந்தது.

*

மகாராஜபுரத்துப் பெண் அவள். எண்பத்து நாலில் சமுத்திரத்தைக் கட்டிக்கொண்டு ராஜபாளையம் வந்தாள். சமுத்திரம் நூல் பாரம் ஏற்றிக்கொண்டு பம்பாய் வரைக்கும் போகிற லாரி டிரைவர். வீட்டில் இருக்கிற நாள் குறைவு. தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கப் பிடிக்காமல், வந்த வருஷமே ஒரு பேண்டேஜ் கம்பெனியில் சேர்ந்தாள். பிள்ளை இல்லை என்று ஆனபிறகு அங்கே துணி மடிக்கிற மேசைதான் அவளுடைய வீடு மாதிரி ஆயிற்று.

சத்திரப்பட்டித் தறிகளிலிருந்து வருகிற காஸ் துணியை வெளுத்து, காயவைத்து, வெட்டி, மடித்து, ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிற கம்பெனி அது. புண்ணின் மேல் வைத்துக் கட்டுகிற அந்தச் சல்லடைத் துணியை மடிப்பதில் ஒரு பக்குவம் உண்டு. வெட்டின ஓரத்தில் நூல் நீட்டிக்கொண்டு நிற்கும். ஓரம் வெளியே தெரியாமல் உள்வாங்கி மடிக்க வேண்டும். இல்லாவிட்டால் நூல் புண்ணுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். அங்காளம்மாளின் கை அதை வாயோடு பேசிக்கொண்டே செய்யும். மேசையின் எதிர்ப்பக்கம் சீனியம்மாள். இரண்டு பேரும் சேர்ந்துவிட்டால் சூப்பர்வைசர் தனுஷ்கோடி ரேடியோவை நிறுத்திவிடுவார். அது எதற்குத் தனியாக என்பார்.

பஞ்சுத் தூசியில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் இருமுவார்கள். அதற்காகக் கம்பெனியில் தினமும் சாயங்காலம் ஆளுக்கு ஒரு வாழைப்பழமும் ஒரு துண்டு வெல்லமும் கொடுப்பார்கள். பழம் தொண்டையில் படிந்த பஞ்சை இழுத்துக்கொண்டு இறங்கும் என்பது அங்கே எல்லாருடைய நம்பிக்கை. அங்காளம்மாளும் தன் இருமலுக்கு ஒன்றுக்கு இரண்டாகப் பழம் தின்றாள். இருமல் போகவில்லை. சாயங்காலமானால் காய்ச்சல் வந்தது. ரவிக்கை தொளதொளத்தது. ஒருநாள் துப்பினதில் ரத்தம் இருந்தது. யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனாள். ராஜபாளையத்து ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் மறுநாள் கம்பெனிக்குத் தெரிந்துவிடும்.

தெரிந்தால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். முந்தின வருஷம் அதே மேசையில் இருந்த அய்யம்மாளுக்கு டி.பி. என்று தெரியவந்தது. யாரும் திட்டவில்லை. “ஒடம்பப் பாத்துக்கம்மா, சரியானதும் சொல்லி அனுப்புறோம்” என்றுதான் சொன்னார்கள். புண்ணுக்குக் கட்டுகிற துணியில் அந்தக் கை படலாமா என்று அவள் போனபிறகு பேசிக்கொண்டார்கள். அப்படிப் பேசினவர்களில் அங்காளம்மாளும் ஒருத்தி. அய்யம்மாளுக்கு அதற்கப்புறம் யாரும் சொல்லி அனுப்பவில்லை.

டாக்டரம்மா மாத்திரைகளைக் கொடுக்கும்போதே சொல்லியிருந்தார்: “ஒண்ணுக்குச் செவப்பாப் போகும். பயப்படாத. இந்தச் செவப்பு கேப்சூல் அப்படித்தான். ஒருநாள்கூட விடக்கூடாது.”

சிவப்பாகப் போனதைச் சமாளித்தாள். வளவுக்குப் பொதுவான கக்கூஸில் ஒரு வாளிக்கு இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினாள். சமுத்திரத்திடம் சொல்லவில்லை, அவன் வாயில் எதுவும் தங்காது, டீக்கடையில் முதல் கிளாஸ் முடிவதற்குள் சொல்லிவிடுவான். மாத்திரைகளைக் கம்பெனிக்கே கொண்டுபோய், சாயங்காலப் பழத்தைக் கீறி உள்ளே வைத்து, சுவர்ப் பக்கம் திரும்பி விழுங்கினாள்.

“என்னட்டி, பழத்தைத் திங்கிறியா, பழத்துக்கு ரகசியம் சொல்லுதியா?” என்றாள் சீனியம்மாள்.

“ஒன்ன மாதிரி பத்துப் பேர் கண்ணு வச்சா பழம் எப்படிச் சீரணிக்கும்?”

“என் கண்ணு பட்டுத்தான் நீ ஒட்டடக்குச்சியா ஆயிட்டயாக்கும்.”

சிரித்தாள். மூன்று வாரத்தில் காய்ச்சல் விட்டது. பசித்தது. இருமலும் மட்டுப்பட்டது. இப்படியே யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும் என்றிருந்த சமயத்தில்தான் பொங்கல் கழிந்து அந்தக் கறை வந்தது.

*

மடித்த துணியை அடியில் விளக்கு எரிகிற கண்ணாடி மேசையில் வைத்துப் பார்ப்பது தனுஷ்கோடியின் வேலை. ஒருநாள் மத்தியானம் அவர் ஒரு துணிக்கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மடிக்கும் மேசைக்கு வந்தார். வெள்ளைத் துணியில் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு மூன்று சொட்டுகள்.

“என்னம்மா இது?”

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அங்காளம்மாளும் பார்த்தாள். அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. காலையில் தூசி கண்ணில் விழுந்து நீராகக் கொட்டியது. புறங்கையால் துடைத்துவிட்டு மடித்துக்கொண்டே இருந்தாள். டாக்டரம்மா ஒண்ணுக்குத்தான் சிவப்பு என்றார், கண்ணீரும் அந்த நிறம் என்று சொல்லவில்லை.

தனுஷ்கோடியின் கண் சீனியம்மாளின் வாய்க்குப் போனது. அவள் வெற்றிலை போடுகிறவள்.

“அண்ணாச்சி, என் வாயப் பாக்காதீய. கேட்டத் தாண்டி உள்ள வந்தா நான் வெத்திலையத் தொடுறதில்ல. வேணும்னா தெறக்கேன், பல்ல எண்ணிக்கோங்க.”

“பின்ன கறை ஆகாசத்துலருந்து விழுந்துச்சா?”

“அதை ஆகாசத்துகிட்ட கேளுங்க.”

அந்த வாய்க்காகவே தனுஷ்கோடிக்குக் கோபம் ஏறியது. மறுநாளிலிருந்து சீனியம்மாள் கழிவுப் பஞ்சு அறையில் உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டார். கதவைச் சாத்தினால் ஆளே தெரியாத அளவுக்குத் தூசி பறக்கிற அறை அது. சீனியம்மாள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். அங்காளம்மாள் அடுத்த துணியை எடுத்து மடித்தாள்.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. முந்தானைக்குள் சின்னக் கண்ணாடி ஒன்றை வைத்துக்கொண்டாள். அரைமணிக்கு ஒருதரம் எழுந்து போய்க் கண்ணோரத்தைப் பார்த்தாள். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துக் கழுத்தைத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சில நாள் மஞ்சளாகத் தெரிந்தது. சில நாள் அது வெயிலா கறையா என்று சொல்ல முடியவில்லை. மாத்திரையை விடியற்காலைக்கு மாற்றிப் பார்த்தாள், அப்போது பகலெல்லாம் நிறம் கூடியது. படுக்கப் போகும் நேரத்துக்கு மாற்றிப் பார்த்தாள், காலையில் கண்ணோரம் இன்னும் மிச்சம் இருந்தது. எதிர்ப்பக்கம் காலியாக இருந்த இடத்தைப் பார்க்காமல் மடிக்கப் பழகினாள். மடிப்பு பிசகியது. நூல் வெளியே நின்றது.

ஒரு வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து நடந்து வரும்போது, அந்தப் பஸ் பேச்சு அவளுக்குள் முதலிலிருந்து ஓடியது. வாரத்துக்கு ஒரு தடவை. உள்ளே போனால் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். படித்த பெண் பொய் சொல்ல மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. சனிக்கிழமை சாயங்காலம் அந்த வாரத்து மாத்திரை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தின்றுவிட்டால், சிவப்பு எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்குள் போய்விடும். திங்கட்கிழமை கண் வெள்ளையாக இருக்கும். மருந்தும் விட்டதாக ஆகாது. வாரக் கணக்குச் சரியாக இருக்கிறதே.

நடையை எட்டிப் போட்டாள். இதை ஏன் முன்னாலேயே நினைக்கவில்லை என்றுகூட இருந்தது.

முதல் சனிக்கிழமை ஒரு சீப்புப் பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். சமுத்திரம் சோலாப்பூர் தாண்டியிருப்பான். கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொரு பழத்தையும் கீறி மாத்திரைகளை வைத்து, தண்ணீர் குடித்துக் குடித்து விழுங்கினாள். கொஞ்ச நேரத்தில் குமட்டியது. வாயைக் கையால் அடைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். வெளியே வந்தால் ஒரு வாரத்து மருந்து போய்விடும். ஞாயிறு முழுக்க உடம்பு அடித்துப்போட்டாற்போல் வலித்தது. குளிர் தூக்கிப் போட்டது. போர்வைக்குள் கிடந்தபடியே கண்ணாடியைப் பார்த்தாள். திங்கட்கிழமை கண் பளிச்சென்று இருந்தது. கைக்குட்டையில் ஒன்றும் இல்லை. அன்றைக்கு அவள் மடித்த கட்டுகளைத் தனுஷ்கோடி விளக்கில் பார்த்துவிட்டு, “பழைய கை வந்துருச்சே” என்றார்.

அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. அதற்கு அடுத்ததும். மாதம் ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வாங்கி வந்தாள். தினமும் சாப்பிடுகிறாயா என்று கேட்டார்கள். ஆமாம் என்றாள். இதில் பொய் ஒன்றும் இல்லை என்று அவள் நினைப்பு. உடம்புக்குள் இருந்து தினமும் வந்துகொண்டுதானே இருக்கிறது.

மாசி போய்ப் பங்குனி வந்தது. சோற்றைப் பார்த்தால் வெறுத்தது. படி ஏறினால் கால் நடுங்கியது. போன இருமல் திரும்ப வந்தது. வெயில், தூசி என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். வெள்ளிக்கிழமையே பழ வாசனை ஆகவில்லை. ஆனாலும் திங்கட்கிழமைக் கண்ணாடிக்காக அந்த வாரத்தைப் பிடித்துத் தள்ளினாள். பிறகு ஒரு திங்கட்கிழமை கண்ணாடியில் கண் வெள்ளையாக இல்லை. சிவப்பும் இல்லை. வேறு என்னவோ மாதிரி இருந்தது.

*

மே மாதம் ஜெபசீலி லீவுக்கு வந்தாள். வளவுக் குழாயடியில், அங்காளம்மாள் குடத்தைத் தூக்கிவிட்டுப் பாதியில் உட்கார்ந்ததை அவள்தான் பார்த்தாள்.

“அக்கா, கண்ணக் காட்டுங்க.”

“ஏன், இப்பக் கண் டாக்டருக்கும் சேத்துப் படிக்கியா?”

ஜெபசீலி குடத்தை நகர்த்தி வைத்தாள். அங்காளம்மாளின் கீழ் இமையைத் தானே இழுத்துப் பார்த்தாள். மஞ்சளை அரைத்துப் பூசினாற்போல் இருந்தது. கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனாள்.

“என்ன மருந்து சாப்பிடுதீங்க?”

அங்காளம்மாள் கதவைப் பார்த்தாள். பிறகு, இத்தனை மாதமாக யாரிடமும் சொல்லாததைச் சொல்லக் கிடைத்த ஆசையில், கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

“ஒன் மருந்துதான்.”

“என் மருந்தா?”

“வாரத்துக்கு ஒருக்க. நீதானட்டி பஸ்ஸுல சொன்ன?” கறை வந்தது, சீனியம்மாள் போனது, சனிக்கிழமை, பழம் எல்லாவற்றையும் கடகடவென்று சொன்னாள். சொல்லச் சொல்ல ஜெபசீலியின் முகம் மாறிக்கொண்டே போனது.

“அக்கா, நான் எலிக்கு வந்ததச் சொன்னேன்.”

“எலியே தாங்குது. நான் எலிய விட எம்புட்டுப் பெரிய ஆளு!”

“அதில்லக்கா. துகளுக்குள்ள இருந்தாத்தான் மருந்து மெதுவா வரும். மருந்தா மெதுவா வரல, துகள்தான் புடிச்சு வச்சு விடுது. நீங்க தின்னது வெறும் மாத்திரை. அத்தனையும் ஒரே நேரத்துல போயி ஈரல்ல விழுந்திருக்கு. பொறவு சனிக்கிழமை வரைக்கும் உள்ள ஒண்ணுமே இல்ல.”

அங்காளம்மாள் தரையில் உட்கார்ந்தாள். விரலால் தரையில் எதையோ கோடு போட்டாள்.

“அப்ப, பிளவக்கல் அணை இல்லாம ஒரே நாள்ல மழை பேஞ்ச கதை.”

“ஆமாக்கா.”

“அன்னைக்கு வயலு அழியும். மறுநாளு நட்ட பயிருக்குத் தண்ணி இருக்காது.”

“ஆமா.”

“ஒன் துகள்தான் அணையா?”

“அதுவும் இன்னும் சரியான அணை இல்லக்கா. பாதி மருந்து மொத நாளே ஒழுகிருது. எலியிலயே இன்னும் பிடிபடல. மனுசருக்கு வர எத்தன வருசமாகுமோ.”

“இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லட்டி.”

மடியில் மாத்திரையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் தானும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அங்காளம்மாளுக்கே அது தோன்றியது. ஜெபசீலி அதைச் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, “பஸ்ஸுக்குப் போவோம், எந்திரிங்க,” என்று மட்டும் சொன்னாள்.

டாக்டரம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்திருந்தாள். அவர் திட்டவில்லை, கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அதுதான் அங்காளம்மாளுக்குப் பயமாக இருந்தது. ரத்தம் எடுத்தார்கள், சளி எடுத்தார்கள். ஈரல் வீங்கியிருந்தது. சளியில் கிருமி மறுபடி தெரிந்தது. திங்கட்கிழமை வந்து படுக்க வேண்டும் என்றார். எல்லா மாத்திரையையும் இப்போதே நிறுத்த வேண்டும். மஞ்சள் இறங்கினபிறகு ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்க வேண்டும். முதலிலிருந்து எட்டு மாதம், ஒருநாள் விடாமல். அதில் முதல் இரண்டு மாதம் கம்பெனிப் பக்கமே போகக்கூடாது.

“ஒன் மேசையில கூட உக்காந்திருக்கவங்க இருமுறாங்களா?” என்று கடைசியாகக் கேட்டார்.

“பஞ்சுக் கம்பெனிம்மா. எல்லாரும் இருமுவாங்க.”

“அப்ப எல்லாரும் ஒருதடவை சளி காட்டணும்.”

*

ஞாயிற்றுக்கிழமை சமுத்திரம் வந்திருந்தான். ஜெபசீலியின் அப்பா பக்கத்தில் இருக்க, அவனிடம் சொல்லியாயிற்று. கேட்டுவிட்டு வெகுநேரம் லாரிச் சாவியை உருட்டிக்கொண்டிருந்தான்.

“பம்பாய் போற வழியில ஒருத்தன் தும்முனாக்கூட வந்து ஒன்கிட்டச் சொல்லுதேன். நீ இத எங்கிட்டச் சொல்லலியே.”

“ஒங்க வாய்க்குப் பயந்துதான்.”

“என் வாய் அம்புட்டு மோசமா?”

“ஆமா.”

அவனுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. பிறகு அவனே ஒரு வழி சொன்னான். “மஞ்சக்காமாலைன்னு லீவு சொல்லிரு. கண்ணப் பாத்தா சின்னப் பிள்ளையும் நம்பும். காமாலைக்கு ஆரு வேலைய விட்டு அனுப்புவா? ரெண்டு மாசம் கழிச்சு கமுக்கமாப் போயி உக்காந்துக்க.”

நல்ல வழி. பொய்யும் இல்லை. காமாலை வந்திருப்பது உண்மைதான். அங்காளம்மாளுக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கினாற்போல் இருந்தது. ஆனால் படுத்தால் படுக்க முடியவில்லை. எழுந்து பாத்திரங்களைத் தேய்த்தாள். தேய்த்ததையே மறுபடி தேய்த்தாள். வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தாள். கழிவுப் பஞ்சு அறையில் முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற சீனியம்மாள், போகிற வருகிறபோது கதவிடுக்கில் தெரிகிற அவளுடைய முழங்கை, இருமல். அந்த இருமல் எந்த இருமல்? பஞ்சா, தன்னிடமிருந்து போனதா? காமாலை என்று சொல்லிவிட்டால் யாரும் சளி காட்டப் போக மாட்டார்கள். சொன்னாலோ, அய்யம்மாளுக்கு ஆனதுதான் தனக்கும். அந்த மேசை இல்லாமல் இந்த வீட்டில் பகல் முழுக்க என்ன செய்வது?

“செத்த நேரம் உக்காரேன்,” என்றான் சமுத்திரம்.

“உக்காந்தா சாயங்காலத்துக்குள்ள மனசு மாறிரும்,” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போனாள்.

கம்பெனியில் உண்மையைச் சொன்னதால் எல்லாம் நன்றாக முடிந்துவிடவில்லை. மடிக்கும் மேசை அவளுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் அய்யம்மாளைப் போல வீட்டோடு இருத்திவிடவும் முடியவில்லை, காரணம் சீனியம்மாள்தான். விஷயம் தெரிந்ததும் அவள் முதலில் பேச்சை நிறுத்தினாள். முதல் ஆளாகப் போய்ச் சளி காட்டிவிட்டு வந்தாள். ஒன்றும் இல்லை என்று முடிவு வந்த அன்றைக்கு, ஆஸ்பத்திரி வார்டுக்கே வந்து கட்டில் பக்கத்தில் நின்று, “என் வாயில கறைய ஏத்திட்டுப் பேசாம இருந்தியேட்டி, பாவி,” என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி திட்டினாள். திட்டி முடித்துவிட்டுத் தனுஷ்கோடியிடம் போய், அவளைத் திரும்ப எடுக்காவிட்டால் தானும் வரமாட்டேன் என்று நின்றாள். ஆவணியில் அங்காளம்மாளை அட்டைப்பெட்டி ஒட்டும் இடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். பழுப்பு அட்டையில் எந்தக் கண்ணீர் விழுந்தாலும் தெரியாது. மாத்திரைகளை எல்லோருக்கும் முன்னால் தின்றாள். ஒருநாள் மறந்தாலும் சீனியம்மாள் எட்டு மேசைக்குக் கேட்கிற மாதிரி கத்தினாள். அடுத்த வருஷம் சித்திரையில் சளி சுத்தம் என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் சொன்னார்கள். மடிக்கும் மேசையைத் தாண்டிப் போகும்போது இன்றைக்கும் அவள் கை விரல்கள் தாமாக மடியும்.

இவ்வளவுக்கும் தொடக்கம் அந்த ஞாயிற்றுக்கிழமை அடுத்த வீட்டில் நடந்த பேச்சு. ஜெபசீலிதான் கதவைத் திறந்தாள். அங்காளம்மாள் உள்ளே வரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு, இரைத்த மூச்சு அடங்குவதற்கு முன்பே பேசத் தொடங்கிவிட்டாள்.

“நாளைக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போற வழியில எங்கூடக் கம்பெனிக்கு வந்துட்டுப் போ, தாயி. அண்ணாச்சி ரூமுக்குள்ள நான் வரல, நோவோட வந்தேன்னு சொல்லுவாக. எனக்கு டி.பி.ன்னும் அந்தக் கறை என்னதுதான்னும் நான் சன்னலுக்கு வெளிய நின்னு சொல்லிக்கிடுதேன். நீ பேச யோசிப்பேன்னு தெரியும், ஒன்னய அதிகம் பேசச் சொல்லல. மருந்த ஒழுங்காத் தின்னா இந்த நோவு பொறவு ஆருக்கும் ஒட்டாதுங்கிற ஒண்ண மட்டும் சொல்லு. மொதல்ல இங்கிலீசுல சொல்லு. அண்ணாச்சி நாற்காலிய விட்டு எந்திரிக்கட்டும். பொறவு தமிழ்ல சொல்லு, சத்தமா. சொல்லும்போது சீனியம்மாவக் கூப்பிட்டு ஒன் பக்கத்துல நிறுத்திக்க.”